அலாஸ்கா கப்பல் பயணம்: கிளேசியர் விரிகுடாவா, எண்டிகாட் ஆர்மா?

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை மாடி, எத்தனை உணவகம், பால்கனி அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று கப்பல்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு முறை போய்வந்த பிறகு எனக்குப் படுவது வேறு. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய ஊர்கள் பெரும்பாலான ஏழு நாள் பயணங்களில் தாமாகவே வந்துவிடும். சாப்பாட்டுக்கும் எந்தக் கப்பலிலும் குறைவில்லை. ஒரு பயணத்தை இன்னொன்றிலிருந்து உண்மையாகவே வேறாக்குவது கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான்.

முதல் முறை நானும் மனைவியும் சியாட்டிலில் ஏறி எண்டிகாட் ஆர்ம் வழியாகப் போனோம். இரண்டாவது முறை, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வான்கூவரில் ஏறி, ஆங்கிலத்தில் கிளேசியர் பே எனப்படும் கிளேசியர் விரிகுடாவுக்குப் போனோம். என் சாய்வு இரண்டாவதன் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

எண்டிகாட் ஆர்ம் அழகில் குறைந்த இடமன்று. ஜூனோவுக்குத் தெற்கே, இருபுறமும் செங்குத்தான பாறை மலைகள் நெருக்கி நிற்க, ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே நீளும் ஒடுக்கமான கடல்வழி அது; அருவிகள் மலையுச்சியிலிருந்து நேராகக் கடலில் விழுகின்றன; கடைசி முனையில் டாஸ் பனியாறு இருக்கிறது. பக்கத்திலுள்ள ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்டில் பெரும் மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்ததிலிருந்து, அங்கே போய்க்கொண்டிருந்த கப்பல்கள் பலவும் எண்டிகாட் பக்கம் திரும்பியிருப்பதால், அட்டவணைகளில் இந்தப் பெயர் இப்போது அதிகம் தென்படுகிறது.

சிக்கல் அழகில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எண்டிகாட் போகும் கப்பல் வழக்கமாக அதே நாளில் ஜூனோவிலும் நிற்க வேண்டியிருப்பதால், விடியற்காலையில் உள்ளே நுழைந்து முற்பகலில் வெளியே வந்தாக வேண்டும். எங்கள் கப்பல் காலை ஆறு மணிக்கு உள்ளே போனபோது மூடுபனி. நீரில் மிதந்த பனிக்கட்டிகளும் அதிகம். டாஸ் பனியாற்றுக்கு முந்தைய வளைவிலேயே, பாதுகாப்பு கருதித் திரும்புவதாக ஒரே வரியில் அறிவித்துவிட்டார்கள். கப்பலின் தலைவர் செய்தது சரிதான். ஆனால் அட்டவணையில் “இயற்கைக் காட்சிப் பயணம்” என்று மட்டுமே போட்டிருந்ததால், பனியாற்றைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கேள்வி கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. சிறு படகில் மாறி டாஸ் அருகே போகும் தனிச் சுற்றுலாவைப் பணம் கட்டி வாங்கியிருந்தால் கதை மாறியிருக்கலாம், நாங்கள் வாங்கவில்லை.

கிளேசியர் விரிகுடாவிலும் அன்று காலை மூடுபனிதான். மேல்தளத்தில் நின்ற எனக்கு வயிறு கலங்கியது. இரண்டாவது முறையும் இதே கதையா என்று நினைத்தேன். ஆனால் இங்கே கப்பலுக்கு அன்றைக்கு வேறு ஊரே கிடையாது. காலையில் விரிகுடாவின் வாயில் நுழைந்தால் மாலைவரை அதற்குள்ளேயே இருக்கும். பத்தரை மணிக்கு மூட்டம் விலகியது. நண்பகலில் மார்ஜரி பனியாற்றின் எதிரே நின்றிருந்தோம். மூடுபனி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் அது விலகும்வரை காத்திருக்க நேரம் இருந்தது, மற்றதில் இல்லை. நான் முடிவெடுப்பது இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான்.

அது தேசியப் பூங்கா என்பதால், ஒரு நாளைக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் இரண்டுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு, நாள் முழுதும் ஒலிபெருக்கியில் விளக்கிச் சொல்கிறார்கள். வழிகாட்டியுடன் போகும் பயணம் என்ற சொல்லுக்குப் பொருள் அங்கேதான் விளங்கியது. 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தக் கரையை அளந்தபோது இப்படியொரு விரிகுடாவே இருக்கவில்லை. அதன் வாயை ஏறத்தாழ முழுவதும் பனிச்சுவர் அடைத்திருந்தது. 1916-க்குள் அந்தப் பனி நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அதனால் முதலில் பனி விலகிய வாயருகே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் முதிர்ந்த காடும், உள்ளே போகப்போகப் புதர்களும், கடைசியில் பாசிகூடச் சரியாகப் படராத வெறும் பாறையும் வருகின்றன. ரேஞ்சர் சொல்லாமலிருந்தால் இதை நான் வெறும் மலை, மரம் என்றுதான் பார்த்திருப்பேன்.

மார்ஜரியின் முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். நீருக்கு மேல் எழுபத்தைந்து மீட்டர் உயரம். இந்த எண்கள் எதுவும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. முகப்பிலிருந்து ஒரு துண்டு உடைந்து சத்தமில்லாமல் சரிந்தது. நீர் எழும்பிய பிறகே இடி கேட்டது. இடி மின்னலின்போது எண்ணுவதுபோல அப்பா அடுத்த துண்டுக்கு விரல்விட்டு எண்ணி, “அரைக் கிலோமீட்டர் இருக்கும்டா” என்றார். மேல்தளத்தில் எல்லோருக்கும் பட்டாணி சூப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சைவமா என்று விசாரித்து, பன்றி இறைச்சி சேர்ந்தது என்று தெரிந்ததும் கோப்பையில் வெந்நீர் மட்டும் வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் நின்ற கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றதால் இரண்டு பக்கத்தவருக்கும் பனியாறு தெரிந்தது. ஆகவே பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை இந்தப் பயணத்தடத்துக்குக் கொடுப்பது மேல் என்பேன்.

மூன்றாவதாக ஹப்பார்டு பனியாறும் உண்டு. பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற முகப்பு. பெரும்பாலான பனியாறுகள் சுருங்கும்போது முன்னேறிக்கொண்டிருக்கும் ஒன்று. 1986-இலும் 2002-இலும் பக்கத்திலுள்ள ரஸ்ஸல் ஃபியார்டு என்ற ஒடுக்கமான கடல்வழியின் வாயையே அடைத்துவிட்டது. நான் அங்கே போனதில்லை, ஆகவே அதைத் தராசில் வைப்பது முறையாகாது. அங்கே போக அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்க வேண்டும் என்பதால், கடற்பயணம் ஒத்துக்கொள்ளாத பெற்றோருடன் போகிறவர்கள் யோசிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

என் தீர்ப்பும் ஓரிடத்துக்கு ஒரு நாள் என்ற அனுபவத்தின் மேல் நிற்பதுதான். தெளிவான காலையில் எண்டிகாட் போனவர்கள் நான் சொல்வதை ஏற்க மாட்டார்கள், ஏற்காததும் நியாயமே. கிளேசியர் விரிகுடாவிலும் எல்லாம் கிடைத்துவிடவில்லை: கடல்நாய்கள் குட்டி ஈன்று வளர்க்கும் காலமாதலால், அதன் கிளையான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடல்வழிக்குள் ஆகஸ்டு முடியும்வரை சுற்றுலாக் கப்பல்கள் போக முடியாது. நாங்கள் போனது ஜூனில்.

விசாவைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சியாட்டிலிலிருந்து போய்த் திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள், அதாவது வேறு நாட்டில் பதிவானவை, வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அது பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவாக இருக்கிறது. எனவே சியாட்டிலில் ஏறினால் கனடா விசா வேண்டாம் என்று இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. வான்கூவரானாலும் சியாட்டிலானாலும் பெற்றோருக்கு இரண்டு நாட்டு விசாவும் தேவை. அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளேசியர் விரிகுடாவுக்கான அனுமதிகளில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, நார்வேஜியன் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களுக்குப் போகிறது. ஆனால் அவற்றின் எல்லாப் பயணங்களும் அங்கே போவதில்லை. விளம்பரப் படத்தில் பனியாறு இருப்பதைப் பொருட்படுத்தாமல், நாள்வாரி அட்டவணையில் அந்தப் பெயர் இருக்கிறதா, அந்த வரிசையில் வேறு ஊர் எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும்.