கரியைக் கேட்பதா, மணலைக் கேட்பதா?

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தார்கள். அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். அது எங்கிருந்து வந்தது, வேறு வழியில் கணித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

அகழாய்வில் காலம் கணிக்க இப்போது அதிகம் நாடுவது இரண்டு ஆய்வகச் சோதனைகளை. ஒன்று கார்பன் 14 என்ற கதிரியக்கக் கரிமத்தை அளப்பது. உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் காற்றிலிருந்து இதைச் சேர்த்துக்கொள்ளும். செத்த பிறகு வரவு நின்றுவிடும், செலவு மட்டும்தான். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இன்னொன்று ஓ.எஸ்.எல்., அதாவது ஒளியால் தூண்டி ஒளிர்வை அளக்கும் முறை. மணலுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் பரல், மண்ணுக்கடியில் கிடக்கும் காலம் முழுக்க, சுற்றியுள்ள கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கும். வெயில் பட்டால் சேமிப்பு காலி. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சி, கடைசியாக வெயில் பட்ட நாளிலிருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். சுட்ட பானை என்றால் சூளை நெருப்பே பழைய கணக்கை அழித்திருக்கும்.

ஆக, கரி சொல்வது உயிர் நின்ற நாளை. மணல் சொல்வது வெளிச்சம் மறைந்த நாளை. மனிதன் அங்கே இருந்த நாளை இரண்டுமே நேரடியாகச் சொல்வதில்லை. சண்டை தொடங்குவதே இங்கேதான்.

மாதிரி எடுப்பதில் கரி சுலபம். கையால் தொடாமல் கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்தால் போதும். கார்பன் 14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவி வந்த பிறகு ஒரு நெல்மணியே தாராளம். ஓ.எஸ்.எல்.லுக்கு மாதிரி எடுப்பது திருட்டு வேலை மாதிரி இருக்கும். குழிச்சுவரில் உலோகக் குழாயை அறைந்து இறக்கி, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உருவி, இரு முனையையும் வெளிச்சம் புகாமல் அடைக்க வேண்டும். பக்கத்து மண்ணையும் தனியாக எடுக்க வேண்டும். அதன் கதிரியக்கமும் ஈரமும் தெரியாமல் கணக்கு வராது.

துல்லியத்தில் பொதுவாகக் கரியே மேல். ஓ.எஸ்.எல்.லில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை பிழை சாதாரணம். 2,500 ஆண்டுப் பழமை என்றால் நூற்றைம்பது, இருநூறு ஆண்டு முன்பின் ஆகலாம். ஆனால் கரிக்கு இரண்டு பலவீனம் உண்டு. மரம் கிழமாக இருந்தால், அதன் நடுவயிரத்தில் எடுத்த கரி, அடுப்பு எரிந்த நாளுக்கு நூறு, இருநூறு ஆண்டு முந்தைய தேதியைக் காட்டும். அதனால்தான் நான் எப்போதும் நெல் பக்கம். பழனி அருகே பொருந்தலில் தொல்லியலாளர் கா. ராஜன் குழுவினர் ஈமக்குழிப் பானையில் கண்டெடுத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று வந்தது. நெல் ஓராண்டுப் பயிர். கிழட்டு மரத் தொல்லை அதற்கு இல்லை.

இரண்டாவது பலவீனத்துக்கு நெல்லும் தப்பாது. ஆய்வக எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற ஒரு வளைகோடு இருக்கிறது. கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டை. அந்த நானூறு ஆண்டுக்குள் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் விடை சில நூற்றாண்டுகளுக்குப் பரவித்தான் வரும். 580, 490 இரண்டும் விழுவது சரியாக அந்தத் தட்டையில்! தேதி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒற்றை ஆண்டாகப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரொம்பப் பின்னால் போனால் போட்டியே இல்லை. கரியின் எல்லை சுமார் 50,000 ஆண்டு. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று 2018இல் வெளியிட்டது ஒளிர்வு முறையில்தான் (ஓ.எஸ்.எல்.லுக்குப் பங்காளி முறை). அதன் பிழை வரம்பே ±64,000. கரியால் எட்ட முடிகிற மொத்த தூரத்தைவிட அது அதிகம்.

சரி, இரண்டில் எது? நெல் கிடைத்தால் கரிமச் சோதனை. உயிர்ப்பொருளே இல்லாத ஆற்றுப்படுகை, தேரி மணல் என்றால் ஓ.எஸ்.எல். கி.மு. 800-400 தட்டைக்குள் சிக்கினால் இரண்டையும் செய்துவிட்டு மண்ணடுக்கிடம் போக வேண்டும். மேல் அடுக்கு பிந்தியது, கீழ் அடுக்கு முந்தியது என்கிற கிழ விதி ஆண்டுக்கணக்கு எதையும் சொல்லாது, வரிசையைச் சொல்லும். அந்த வரிசை இல்லாமல் மற்ற இரண்டும் வீண்.

கீழடியையே பாருங்கள். உறைகிணறு வெட்டியவன் தன் காலத்துக்கு முந்தைய அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருப்பான். அவன் காலத்துக் கரி அந்தக் கிணற்றுக்குள் விழுந்தால், பல அடி கீழே, தன்னைவிடப் பழைய மண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். எலி வளையும் கறையானும் சின்ன அளவில் இதே வேலையைச் செய்யும். இப்படி வெட்டிய இடத்தில் மண் நிறம் மாறியிருக்கும் விளிம்பைக் குழிச்சுவரில் கண்டுபிடிக்காமல் கரியை அள்ளி அனுப்பினால், ஆய்வகம் பிழையில்லாத எண்ணைத்தான் திருப்பி அனுப்பும், ஆனால் வேறு யாரோ ஒருவருடைய அடுப்புக்கு.