கியர் பொக்ஸை இறக்கணும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் பழைய மெனுவல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கியர் விழுகுதில்லை என்று போன என்னிடம், கியர் பொக்ஸை இறக்கி உள்ளே எல்லாம் மாற்றியதாகச் சொல்லி 87,500 ரூபா வாங்கினார்கள். பொக்ஸை அவர்கள் இறக்கவே இல்லை. கராஜின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் என்ன செய்தார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதே கதையை இன்னும் இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

கார் 110 கொரோலா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலையில் புதுசு வாங்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. அதனால் இருக்கிற பழசைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். இது கராஜ்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி ரிவேஸ் போட்டால் கர்ர்ர் என்று அரைக்கும். முதலாம் கியர் உள்ளே போக மறுக்கும். கிளச்சை இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்துப் போட்டால் விழுந்துவிடும், எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவையும் அந்த மெக்கானிக்கிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சீட்டில் ஏறி இருந்து கியர்த் தடியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார், பொனட்டைத் திறக்கவும் இல்லை.

“வெள்ளத்துக்க ஓடினீங்களா தம்பி?”

2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தில் யார்தான் ஓடவில்லை? ஓம் என்றேன்.

“அப்ப பொக்ஸுக்குள்ள தண்ணி போயிட்டு. சிங்க்ரோ எல்லாம் முடிஞ்சிருக்கும். இறக்கித்தான் பாக்கணும், இப்பிடியே ஓடினா பொக்ஸே போயிரும்.”

சிங்க்ரோ என்பது கியர் மாற்றும்போது பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து அரைக்காமல் விழ வைக்கிற வளையம். பயந்து விட்டேன், யாரும் பயப்படுவார்கள். காரை விட்டுவிட்டு வந்தேன். திரும்ப எடுக்கும்போது கடைப் பெயர் கூட இல்லாத ஒரு துண்டில் சிங்க்ரோ ரிங், கிளச் பிளேட், ரிலீஸ் பெயாரிங், கியர் ஒயில், கூலி என்று எழுதித் தந்தார்கள். கழற்றின பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு என்றார்கள். கியர் அப்போது அழகாக விழுந்தது, அதனால் காசைக் கொடுத்தேன்.

சில வாரத்தில் பழையபடி வந்துவிட்டது. கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது முதலாம் கியர் விழவே இல்லை, பின்னால் நிற்கிற பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கராஜுக்குப் போனால், “பழைய காருக்கு கேரண்டி தர ஏலாது” என்று ஒரே பேச்சு.

பிறகுதான் ஆரையம்பதியில் வீட்டு வளவுக்குள் வேலை செய்கிற ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பொனட்டைத் திறந்து கிளச் ஒயில் டப்பாவைப் பார்த்தார், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, அதுவும் தேநீர் நிறத்தில். பிறகு கியர் பொக்ஸ் பக்கம் இருக்கிற, பெடலை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தில் கிளச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் பின்னுக்கு இழுத்தார். உள்ளே இருந்து ஒயில் சொட்டியது. அதுதான் வருத்தம். ரப்பர் தேய்ந்து ஒயில் கசிய, காற்று உள்ளே போய், மிதித்தாலும் கிளச் முழுதாக விடவில்லை, அதாவது எஞ்சின் சுற்றுவது பொக்ஸை விட்டுப் பிரியவில்லை.

அப்புறம் டோர்ச்சை அடித்து, பொக்ஸை எஞ்சினோடு பூட்டியிருக்கிற போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட் தலையிலும் பழைய சேறும் ஒயிலும் சேர்ந்து கல்லாக இறுகிப் போயிருந்தது.

“தம்பி, இஞ்ச பாருங்க, ஸ்பெனர் பட்ட அடையாளம் ஒண்டாவது இருக்கா? இதக் கழட்டவே இல்ல.”

கியர் ஒயில் நட்டைத் திறந்து கொஞ்சம் விட்டுப் பார்த்தார். கறுப்பு ஒயில் வந்தது. புதுசு ஊற்றியிருந்தால் அந்த நிறம் வராது, தண்ணீர் போயிருந்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். இரண்டும் இல்லை. ஆக, முதல் கராஜில் செய்தது கிளச் ஒயிலை நிரப்பி, குழாய்க்குள் போன காற்றை வெளியே எடுத்தது மட்டும்தான். அதனால்தான் கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, ஒயில் திரும்பக் கசிந்து முடிந்ததும் பழைய வருத்தம் வந்தது. எனக்கு அந்த இடத்தில் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பாஸ் ஸ்லேவ் சிலிண்டரை மாற்றி, புது டொட் 3 கிளச் ஒயில் விட்டு, காற்று எடுத்துத் தந்தார். சாமானும் கூலியும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது, பழைய சிலிண்டரையும் கையில் தந்தார்.

அவர் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன், கராஜுக்குப் போக முதல் நீங்களே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தினால் லேசாக விழுந்து, ஸ்டார்ட்டில் மட்டும் இறுகினால் பெரும்பாலும் கிளச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பழைய கார்களில் ரிவேஸுக்கு அநேகமாக சிங்க்ரோ இல்லை, ஆகவே கிளச் விடாத வருத்தம் முதலில் ரிவேஸில்தான் அரைத்துக் காட்டும். மிதித்து மிதித்துப் போட்டால் விழுகிறதா, ஒயில் கிளச் உள்ள காரென்றால் பெடல் பக்கம் இருந்து ஒயிலைத் தள்ளுகிற கிளச் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்லேவையும் பாருங்கள். மாஸ்டர் கசிந்தால் உள்ளே பெடலுக்கு மேல் ஈரம் இருக்கும். எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி இறுக்கமா, அது கியர்த் தடியிலிருந்து பொக்ஸுக்குப் போகிற கேபிள் அல்லது அதன் புஷ்ஷாக இருக்கலாம். மற்ற எல்லாம் சரியாக இருந்து இரண்டாம் கியர் மட்டும் அரைத்தால்தான் சிங்க்ரோ என்ற பேச்சை நம்பலாம்.

கிளச் பிளேட் தேய்ந்தால் அதன் குணமே வேறு, எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. எங்கள் ஊர் சமதரை என்பதால் அது உடனே தெரியாது, செங்கலடி–பதுளை வீதியில் மலை ஏறும்போதுதான் காட்டும்.

பொக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று உறுதியானால், இறக்கி வைத்திருக்கும்போது வந்து பார்ப்பேன், பழைய சாமான் எனக்கு வேணும் என்று வேலை தொடங்க முதலே சொல்லுங்கள். முடிந்தால் போல்ட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடைப் பெயரோடு ரசீது கேளுங்கள், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி சாமான் விற்பவர் கேட்டால் ரசீது தர வேண்டும். அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தவற விடாதீர்கள்.

நான் பாஸ் எடுத்துத் தந்த படங்களையும் அந்தத் துண்டையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பிறகு கராஜிலிருந்து போன் வந்தது, பாதிக் காசு தருகிறோம், முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்றார்கள். மாற்றாத சாமானுக்கும் செய்யாத வேலைக்கும் வாங்கின காசு முழுதும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.