முள்ளோடை எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க்

பண்ருட்டியிலிருந்தும் கடலூரிலிருந்தும் புதுச்சேரிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் குட்டியானை வண்டி ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக, ரெட்டிச்சாவடியைக் கடந்து, தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் முள்ளோடை எல்லையைத் தாண்டிய பிறகு வரும் பங்க்குகளில் ஒன்றில்தான் டீசல் போடுகிறேன். அந்தப் பங்க்கைப் பற்றிய மதிப்புரை இது. ஆனால் அங்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்பதற்கு முதற்காரணம் விலை என்பதால், டீசலும் பெட்ரோலும் ஏன் இந்த விலை விற்கின்றன என்பதைச் சொல்லாமல் அந்தப் பங்க்கைப் பற்றி மட்டும் எழுதுவது பாதி உண்மையாகிவிடும்.

2025 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் வாங்கிய இரண்டு பில்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று கடலூர் நகருக்குள் அவசரத்துக்குப் போட்டது, மற்றொன்று முள்ளோடையில் போட்டது. இரண்டிலும் அச்சாகியிருப்பது ஒரே எண்ணெய் நிறுவனத்தின் பெயர், டீசலும் ஒரே தரத்து டீசல்தான். ஆனாலும் லிட்டருக்கு ஏழு ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. இருபத்தைந்து லிட்டர் போட்டால் 175 ரூபாய் மிச்சமாகிறது. வாடகையைக் கூட்டிக் கேட்க முடியாத இந்தத் தொழிலில் அது ஓட்டுநரின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு.

முதலில் பங்க்கைப் பற்றிச் சொல்கிறேன். நாசிலைக் கையில் எடுத்ததும், மீட்டரில் பூஜ்யத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, நாம் தலையசைக்கும் வரை காத்திருக்கிறார்கள். அன்றைய விலையும் டென்சிட்டியும் (எரிபொருளின் அடர்த்தி) தெளிவாகத் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்பு நான் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த வேறொரு பங்க்கில், ஒருவர் பணத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கும்போதே மற்றவர் போடத் தொடங்கிவிடுவார். மைலேஜ் குறைவதைப் பார்த்து இன்ஜினைத்தான் பல மாதங்கள் சந்தேகப்பட்டேன்.

அந்த அனுபவத்தால், முள்ளோடைக்கு வந்த புதிதில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். முகம் சுளிக்காமல், அரசு எடையளவுத் துறையின் முத்திரை பதித்த ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கொண்டுவந்து தரையில் சமமாக வைத்தார் ஊழியர். மீட்டரில் ஐந்து லிட்டர் ஓடி நின்றபோது, குடுவையின் கழுத்தில் இருந்த கோட்டோடு டீசல் மயிரிழை பிசகாமல் நின்றது. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி, இங்கே அந்தச் சலுகைக்கே வேலை இருக்கவில்லை. இப்படி அளந்து காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

இனி அந்த ஏழு ரூபாய்க்கு வருகிறேன். பெட்ரோலும் டீசலும் 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டிக்குள் சேர்க்கப்படவில்லை. மத்திய அரசு கலால் வரியும் மாநில அரசு வாட் என்னும் விற்பனை வரியும் தனித்தனியாக விதிக்கின்றன. தமிழ்நாட்டில் டீசலுக்கு வாட் 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. பெட்ரோலுக்கு 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும். 2025-இல் தொண்ணூறு ரூபாயைத் தாண்டியிருந்த டீசல் விலையில் மாநிலத்தின் பங்கு மட்டும் ஏறக்குறைய 18 ரூபாய் ஆனது. புதுச்சேரியில் இந்த வரி குறைவு. 2025 ஜனவரியில் அங்கேயும் வரியைச் சற்று உயர்த்தினார்கள், ஆனாலும் இடைவெளி மூடிவிடவில்லை. ஆக, எல்லையைத் தாண்டினால் நமக்கு மிச்சமாவதில் பெரும்பங்கு வரிதான்.

மாநில வரியின் சதவீதப் பகுதி, மத்திய வரியையும் சேர்த்த விலையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரலில் டீசலுக்கு மத்திய கலால் 17 ரூபாய் 80 காசு ஆனது. அதன் மீது 11 சதவீதம் என்றால், வரியின் மீது விழும் வரியாகவே ஏறக்குறைய இரண்டு ரூபாய் கொடுத்தோம்.

மத்திய வரியின் கதைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. 2014 மே மாதத்தில் பெட்ரோலுக்குக் கலால் வரி 9 ரூபாய் 48 காசாகவும், டீசலுக்கு 3 ரூபாய் 56 காசாகவும் இருந்தது. அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. அதன் பிறகு கச்சா விலை சரிந்தபோதெல்லாம் வரி ஏறியது. 2020 ஏப்ரலில், ஊரடங்கினால் உலகமே நின்றுபோய் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போன நேரத்தில், எங்கள் வண்டிகளும் ஓடவில்லை. அடுத்த மாதமே பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் கூட்டப்பட்டு, கலால் வரி பெட்ரோலுக்கு 33 ரூபாயையும் டீசலுக்கு 32 ரூபாயையும் நெருங்கியது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அந்தக் குறைப்பு எனக்கு உண்மையிலேயே மூச்சுவிட இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் இரண்டு ரூபாய் ஏறியது. கச்சா விலை இறங்கியிருந்ததால் அதை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன, பங்க்கில் விலை ஏறவில்லை. ஆனால் நமக்குக் குறைந்திருக்க வேண்டிய இரண்டு ரூபாய் அது. இந்தக் கலாலில் மாநிலங்களோடு பகிரப்படுவது அடிப்படைக் கலால் மட்டும், டீசலில் லிட்டருக்கு 1 ரூபாய் 80 காசு. மற்றவை செஸ் என்றும் சிறப்புக் கூடுதல் வரி என்றும் மத்திய அரசிடமே தங்கிவிடுகின்றன. மாநிலங்கள் வாட் வரியை விட்டுக்கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விலையோ டாலரில். 2014-இல் அறுபது ரூபாயையொட்டி இருந்த டாலர், 2025-இல் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. பீப்பாய் விலை அதேயாக இருந்தாலும் ரூபாயில் கூடத்தான் செய்யும். விலையை நிறுவனங்களே தீர்மானிக்கும் முறை பெட்ரோலுக்கு 2010-இலும் டீசலுக்கு 2014-இலும் வந்தது. 2017 ஜூன் முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்றார்கள். ஆனால் 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, தேர்தல்கள் முடியும்வரை, விலை அசையவில்லை. பிறகு இரண்டு வாரங்களில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. 2022-23 நிதியாண்டின் முதற்பாதியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் நட்டமடைந்தன. அடுத்து 2023-24 நிதியாண்டில் மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய். அந்த ஆண்டு முழுவதிலும் நமக்குக் கிடைத்த குறைப்பு 2024 மார்ச்சில் வந்த இரண்டு ரூபாய்தான்.

பைக்குக்கு மட்டும் பெட்ரோல் போட நினைப்பவர்கள் கடலூரிலிருந்து இதற்கென்று கிளம்ப வேண்டாம். ஐந்து லிட்டருக்கு மிச்சம் முப்பது ரூபாய் அளவு, போய்வர அரை லிட்டருக்குக் குறையாமல் செலவாகிவிடும். அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே லாபம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். கலந்ததற்காக விலையைக் குறைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த விஷயத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

பங்க்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது, அரை மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். காற்றடிக்கும் இயந்திரம் பாதி நாள் பழுதாகவே கிடக்கிறது. இலவசமாகக் காற்று தருவது பங்க்கின் கடமை என்பதால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். புத்தகத்தைத் தயங்காமல் கொடுத்தார்கள், இயந்திரம் ஒரு வாரம் ஓடி மறுபடி நின்றுவிட்டது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, பெண்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். லோடு வண்டிக்காரர்கள் காலை ஏழு மணிக்கு முன்பு போனால் காத்திருக்காமல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். டயருக்குக் காற்றை மட்டும் கடலூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.