கொல்லைக் குட்டையும் கம்பி மூடியும்: மூன்று வருட அனுபவம்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் குட்டை வெட்டி மூன்று வருடம் ஆகிறது. ஆறடி நீளம், நாலடி அகலம், நடுவில் ஒன்றரை அடி ஆழம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் கறுப்பு ஷீட் போட்டோம். வெண்டைக்கும் கத்தரிக்கும் மருந்து அடிப்பதை நிறுத்த வேண்டும், அதற்குத் தவளையும் தட்டானும் வர வேண்டும் என்பதுதான் எண்ணம்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அந்த வயதுக் குழந்தைக்கு நாலு விரல் தண்ணீரே ஆபத்து. அதனால் தண்ணீர் விடும் முன்பே மூடி தயாராகிவிட்டது. ஆங்கிள் சட்டம், குறுக்கே ஒரு பட்டை, அதன்மேல் இரண்டு அங்குலக் கட்டமாக 8 மி.மீ. கம்பி. நானே ஏறி நின்று பார்த்தேன், வளையவில்லை. பிளாஸ்டிக் வலை கட்டி ஏமாந்துவிடாதீர்கள், அது குழந்தையோடு சேர்ந்து உள்ளே அமிழும்.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. முதல் ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் தண்ணீர் கம்பிக்கு மேலே நின்றது. காலையில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. மூடி இருந்தும் இல்லாத மாதிரிதானே! அன்றைக்கே சட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே ஒரு வடிகுழாய் வைத்து வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்டேன். அப்புறம் எந்த மழையிலும் தண்ணீர் கம்பியைத் தொடவில்லை. ஆனாலும் பெரியவர்கள் துணை இல்லாமல் அவளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

முதல் மாதமே கொசுப்புழு நெளிந்தது. பத்து கப்பி மீன் விட்டதும் ஒரு வாரத்தில் புழு காணாமல் போனது. ஆனால் அந்த மீன்கள் தவளை முட்டையையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மூலையில் கல்லடுக்கி, கோரையை நெருக்கமாக நட்ட பிறகுதான் தலைப்பிரட்டை தப்பிப் பிழைத்தது. அந்தக் கல் சரிவில்தான் தவளைகள் ஏறி வெளியே வருகின்றன. தவளை எதையும் நாங்கள் பிடித்து வந்து விடவில்லை, மழையோடு தானாக வந்தன.

பலன்? நத்தையும் வண்டும் நன்றாகவே குறைந்திருக்கின்றன. மாவுப்பூச்சி, அசுவினிக்கு எந்த மாற்றமும் இல்லை. கத்தரிக்காய்க்குள் இருக்கிற புழுவைத் தவளை எப்படிப் பிடிக்கும்? அந்தக் காயைப் பறித்து அழித்துவிடுகிறோம். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட குட்டையில் விழாமல்தான் அடிக்கிறேன், மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் ஆகாது.

போன வருடம் ஒரு தண்ணீர்ப்பாம்பு வந்தது. விஷம் இல்லாததுதான், ஆனாலும் குட்டையையே தூர்த்துவிடச் சொன்னார் அத்தை. சுற்றி நாலடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி, அங்கே கிடந்த செங்கல் குவியலை அகற்றினோம். இருட்டிய பின் டார்ச் இல்லாமல் யாரும் போவதில்லை. அத்தையும் சரி என்றுவிட்டார்.

இப்போது காலையில் கம்பிகளில் தட்டான் கழற்றிய தோல் ஒட்டியிருக்கும். முதுகு பிளந்து, ஆறு காலும் கம்பியைப் பற்றியபடி, உள்ளே ஒன்றும் இல்லாமல். மகள் அதை நோகாமல் எடுத்துத் தீப்பெட்டியில் சேர்க்கிறாள். இதுவரை பதினேழு.