மூன்று மனநலக் கேள்வித்தாள்கள்: கூட்டுத்தொகையை மட்டும் நம்பலாமா?

மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 (2001), பதற்றத்துக்கு ஜிஏடி-7 (2006), தனிமைக்கு யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அளவுகோலின் மூன்று கேள்வி வடிவம் (2004). மூன்றையும் சேர்த்தே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் இரண்டும் கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். நல்ல கருவிகள்தான், ஆனால் அன்றாடப் பாட்டுக்கே அல்லாடுபவர்களிடம் வழுக்கும்.

பிஎச்க்யூ-9இல் 3, 4, 5ஆம் கேள்விகள் தூக்கம், அசதி, பசி. இரவு ஷிப்ட் முடித்து, பகலில் இரைச்சலான ஒற்றை அறையில் புரண்டு படுப்பவர் மூன்றுக்கும் 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் அங்கேயே 9. தூக்கம் கெட்டால் கவனமும் சிதறும். 7ஆம் கேள்வியில் 1 விழுந்தால் கணக்கு 10. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, ஆர்வமின்மையையும் மனம் துவண்டிருப்பதையும் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளை. அவை இரண்டும் சேர்ந்து 3கூட வராவிட்டால், "நிம்மதியாகப் படுக்க இடமும் நேரமும் கிடைத்தால் தூக்கம் வருமா?", "சாப்பாடு முன்னால் இருந்தால் சாப்பிடத் தோன்றுமா?" என்று கேட்டுப் பாருங்கள். 'ஆம்' என்றால் சிக்கல் மனச்சோர்வைவிடச் சூழ்நிலையில் இருக்கலாம். 9ஆம் கேள்வி மட்டும் விதிவிலக்கு. உயிரை விடும் எண்ணம் பற்றிய அதில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசியாக வேண்டும், மொத்தம் எவ்வளவானாலும் சரி.

ஜிஏடி-7இன் 7ஆம் கேள்வி, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்ற பயம். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவருக்கு அது பிரமை அல்ல. 2ஆம் கேள்விதான் விஷயத்தைச் சொல்லும்: கவலையை நிறுத்த முடிகிறதா? ஆனால் 'கடன் இருக்கிறது, கவலைப்படாமல் எப்படி' என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தப்பு. காரணம் நிஜமாக இருப்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

தனிமைக் கேள்விகளுக்கு மொத்தம் 3 முதல் 9 வரை; 6 அல்லது அதற்கு மேல் வந்தால் பொதுவாகத் தனிமை என்று கொள்வார்கள். இங்கே மொழிபெயர்ப்புதான் கவிழ்க்கிறது. "தனியாக இருக்கிறீர்களா?" என்றால் ஆறு பேர் உள்ள வீட்டுக்காரர் "இல்லை" என்பார். "ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால்தான், கையில் காசில்லாமல் நண்பர்கள் கூடும் இடத்துக்கே போகாதவர் வாய் திறப்பார்.

எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது வீட்டாரையோ முதலாளியையோ பக்கத்தில் வைக்காதீர்கள். எல்லாம் 0 ஆகிவிடும். பிஎச்க்யூ-9, ஜிஏடி-7 தாள்களின் கடைசியில், இந்தத் தொல்லைகளால் வேலையும் உறவும் எவ்வளவு சிரமமாகின்றன என்று ஒரு கேள்வி உண்டு. மதிப்பெண் இல்லாததால் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.