பச்சை பிளாஸ்டிகேஜ்: மாடல் ஏ ஃபோர்டு மெயின் பேரிங்குக்கு எந்த அளவு நம்பலாம்?

நூல் போன்ற மெழுகு இழை, காகித உறையில் அச்சடித்த அளவுகோல். பேரிங்குக்கும் அதில் சுழலும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இவ்வளவுதான், விலையும் அற்பம். 1928-31 மாடல் ஏ எஞ்சினைத் திறப்பவர் வாங்க வேண்டியது பச்சை உறை. அது 1 முதல் 3 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டும். சிவப்பு 2 தௌவில்தான் தொடங்குகிறது. இந்த எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளியே 1 முதல் 1.5 தௌ என்பதால் சிவப்பு வீண்.

வாங்குமுன் எஞ்சினின் தட்டல் சத்தம் எந்த பேரிங்கிலிருந்து வருகிறது என்று பிரித்தறியுங்கள். இந்த வண்டியில் பிளக்குக்கு ஒயர் கிடையாது, பித்தளைப் பட்டைதான். எஞ்சின் ஓடும்போது மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை பிளக் தலையிலிருந்து ஹெட்டுக்குச் சாய்த்தால் அந்த சிலிண்டர் நின்றுவிடும். ஒன்றை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் ராடு பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடம்). 2, 3 சிலிண்டர் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால்தான் அடங்குகிறது, லோடு ஏறும்போது 'தொம் தொம்' என்று கனமாக வருகிறது என்றால் நடு மெயின் (கிராங்க் ஷாஃப்டை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் பேரிங்). எதிர் எடை இல்லாத கிராங்க் வளைந்து அடிப்பது அங்கேதான். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் பின் மெயினின் த்ரஸ்ட் முகத்தை (கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பக்கம்) பாருங்கள். அங்கே ஆயில் சீல் இல்லை, சுழற்றி வீசும் வளையம் மட்டுமே. தேய்ந்துவிட்டால் ஃப்ளைவீல் கூட்டின் அடித்துளையில் ஆயில் சொட்டும்.

அளக்கும்போது பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில். எஞ்சின் வண்டியில் இருக்கையில் கிராங்க் தன் எடையில் பேரிங்கின் கீழ் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் 60 பவுண்டைத் தாண்டும் ஃப்ளைவீல் வேறு. மூடியை முடுக்கியதும் இழை அப்பளமாகி, 'இடைவெளியே இல்லை' என்று பொய் சொல்லும். அளக்கும் பேரிங்கின் அருகே மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் கிராங்கை மேலே தாங்குங்கள். ஜர்னலை (பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட் பகுதி) ஆயில் இல்லாமல் துடைத்து, இழையை ஷாஃப்டின் நீளவாக்கில் வையுங்கள். ஷிம்மோடு (மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய உலோக ஏடுகள்) மூடியைப் போட்டு 80 அடி-பவுண்டு முடுக்குங்கள். கிராங்கைத் துளிகூடச் சுற்றக் கூடாது. கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையோடு ஒப்பிடுங்கள். அகலம் அதிகமென்றால் இடைவெளி குறைவு. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல் என்றால் ஜர்னல் சரிவாகத் தேய்ந்திருக்கிறது.

3 தௌ காட்டினால் இரு பக்கமும் சமமாக ஷிம் ஏடு உரித்து மறுபடி அளக்கலாம். மூடியை அரம் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

குறை இருக்கிறது. ஜர்னல் முட்டை வடிவமாகியிருந்தால் இந்த இழைக்குத் தெரியாது, அதற்கு மைக்ரோமீட்டர்தான். பாபிட் (பேரிங்கின் உள்ளே ஊற்றிய மென்மையான உலோகம்) விரிசல் விட்டு உதிர்கிறதா என்பதையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உதிர்ந்திருந்தால் அளவு எத்தனை அழகாக வந்தாலும் ஷிம் காப்பாற்றாது, மறுபடி உருக்கி ஊற்ற வேண்டியதுதான். கடையில் கிடந்து காய்ந்த உறையை வாங்காதீர்கள். இழை நசுங்காமல் உடையும்.