திருகோணமலையைப் படிக்க எந்தக் கோட்பாடு? ஓர் ஒப்பீடு

பொருளாதாரப் புவியியல் படிக்கும் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: ஒரு பிரதேசம் முன்னேற, இன்னொன்று ஏன் பின்தங்கிக் கிடக்கிறது? பாடத்தில் இதற்கு நாலைந்து விளக்கங்கள் உண்டு. பரீட்சையில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம். ஆனால் கிழக்கிலங்கையின் துறைமுக மாவட்டமான திருகோணமலையை ஆய்வுக்கு எடுத்தால் அப்படி எழுத முடியாது. ஒரே துறைமுகத்தைப் பார்த்து ஒரு கோட்பாடு "இங்கிருந்து வளர்ச்சி பரவும்" என்கிறது, இன்னொன்று "பரவாது" என்கிறது. ஏதாவது ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும்.

முதலில் வளர்ச்சி முனைக் கோட்பாடு. பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரான்சுவா பெரூ 1955 இல் முன்வைத்தது. வேகமாக வளரும் ஒரு பெரிய தொழில் தன்னைச் சுற்றிய மற்றத் தொழில்களையும் இழுத்துக்கொண்டு வளரும் என்பது சாரம். பெரூ பேசியது தொழில்களுக்கிடையிலான தொடர்பைப் பற்றித்தான். வரைபடத்தில் உள்ள ஓர் ஊரைப் பற்றி அல்ல. அதை ஊராக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள். இந்த வித்தியாசத்தைப் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, ஆனால் திருகோணமலைக்கு அதுதான் முக்கியம். 1958 இல் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் இதற்குப் பக்கத்தில் ஒரு கருத்தை வைத்தார்: வளர்ச்சி முதலில் ஓரிடத்தில் குவியும், பிறகு மெல்ல மெல்ல மற்ற இடங்களுக்கும் கசியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் சுவீடனின் குன்னார் மிர்டால். 1957 இல் அவர் சொன்னது கடுமையானது. சந்தையை அதன் போக்கில் விட்டால் வளர்ந்த இடம் இன்னும் வளரும், பின்தங்கிய இடம் இன்னும் தேயும். படித்த இளைஞர், முதலீடு, நல்ல வியாபாரம் எல்லாம் மையத்தை நோக்கிப் போகும். மையத்திலிருந்து திரும்பி வரும் நன்மையும் உண்டு, ஆனால் வறிய நாடுகளில் அது பலவீனமானது என்றார்.

சரி, இரண்டையும் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துச் சீனக்குடாவுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

அங்கே 1980 இல் இயங்கத் தொடங்கிய பிறீமா கோதுமை மா ஆலை இருக்கிறது. ஒரு தொழில் சுற்றுப்புறத்தை எப்படி இழுக்கிறது என்று பார்க்க ஹேர்ஷ்மனே ஒரு கருவி தந்திருக்கிறார். மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறது என்பது பின்னோக்கிய இணைப்பு. உற்பத்தியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது முன்னோக்கிய இணைப்பு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது கப்பலில் வருகிறது. ஆகவே ஆலையின் பின்னோக்கிய இணைப்பு தம்பலகாமத்து வயலுக்கோ கந்தளாய்க்கோ போகாமல் கடல் கடந்து போகிறது. முன்னோக்கிய இணைப்பு, அதாவது பேக்கரிகளும் பிஸ்கட் தொழிற்சாலைகளும், நாடு முழுவதும் சிதறிக் கிடக்கிறது. டோக்கியோ சீமெந்து ஆலையும் பெரிதாக வேறல்ல: சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரை இறக்குமதி செய்து, அரைத்து, பையில் அடைத்து, நாடெங்கும் அனுப்புகிறது. சம்பளமும் லொறி வேலையும் சாப்பாட்டுக்கடையும் ஊருக்குக் கிடைக்கின்றன. அவற்றைச் சின்னது என்று நான் சொல்லமாட்டேன், பல வீடுகள் அதில்தான் நிற்கின்றன. ஆனால் இதைக் கோட்பாடு சொன்ன சங்கிலி என்று சொல்லமுடியாது.

எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் தெளிவான சான்று. பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டியவற்றில் 99 தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை வந்தது: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. பெரும்பாலான தாங்கிகள் அதற்கு முன் பல தசாப்தங்கள் சும்மா கிடந்தவை. இவ்வளவு பெரிய வசதி இவ்வளவு காலம் எதையும் இழுக்கவில்லை என்றால், துறைமுகம் இருந்தாலே போதும், வளர்ச்சி தானாக வரும் என்ற வாதம் எங்கே நிற்கும்? ஆகவே இந்த இடத்தில் நான் மிர்டால் பக்கம். ஆனால் அவருடைய முடிவை நிரூபிக்க ஹேர்ஷ்மனின் இணைப்புக் கருவியே நமக்குக் கைகொடுக்கிறது.

மூன்றாவது தரப்பு, அமெரிக்கப் பொருளியலாளர் போல் (Paul) குரூக்மன். 1991 இல் வந்த அவருடைய கோட்பாடு கணிதம் நிறைந்தது, அதனாலேயே பலர் தவிர்க்கிறார்கள். தவிர்க்கக்கூடாது, ஏனென்றால் வீதியும் பாலமும் பற்றி மற்றவர்கள் சொல்லாததை இவர் சொல்கிறார். போக்குவரத்துச் செலவு குறையும்போது மையத்திலிருந்து தூரத்தில் உள்ள விளிம்புப் பிரதேசம் உடனே பயனடையும் என்று நினைக்கிறோம். குரூக்மன் கணக்குப்படி, நடுத்தர அளவுக்குக் குறையும்போது தொழில்கள் பெரிய சந்தைப் பக்கமே போய்க் குவியலாம். அங்கே இருந்துகொண்டே தூரத்து ஊருக்கும் பொருள் அனுப்ப முடிகிறதே!

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது மக்கள் அனுபவித்த நிம்மதியை யாரும் மறுக்கமுடியாது. பாதைக்கு, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்திருந்த காலம் முடிந்தது. நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், பிள்ளைகள் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். அதே வீதிகளில்தான் ஐஸ் போட்ட மீன் லொறி கொழும்புப் பக்கத்து மொத்த மீன் சந்தையான பேலியகொடைக்குப் போகிறது, கொழும்புக் கம்பனிகளின் பொருட்கள் கிண்ணியா, மூதூர் கடைகளுக்கு வருகின்றன. மீனுக்கு நல்ல விலை கிடைத்ததா, அல்லது உள்ளூர்ச் சிறு உற்பத்தி படுத்துவிட்டதா? இதைக் கேட்க வைப்பது குரூக்மன்தான். ஓர் ஆய்வு மாணவருக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

பொருளாதார வரலாற்றாசிரியர் ஜெப்ரி வில்லியம்சன் 1965 இல் சொன்ன கவிழ்த்த யூ வளைவைச் சுருக்கமாகவே தொடுகிறேன். ஒரு நாடு வளரும்போது பிராந்திய ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு குறையும் என்பது அது. கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தின் பங்கு 2000களின் நடுவில் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது, பின்னர் 40 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அப்படியானால் வில்லியம்சன் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அதற்குள் போர் முடிந்து வடக்கும் கிழக்கும் அடிமட்டத்திலிருந்து எழுந்த காலமும் அடங்குகிறது. மேல் மாகாணத்தில் வாழ்வோர், 2012 கணக்கெடுப்பின்படி, சனத்தொகையில் 29 சதவீதம் அளவில்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இங்கே தரவிலும் ஒரு தெரிவு இருக்கிறது, கோட்பாட்டுத் தெரிவைவிட அது முக்கியமாகக்கூட இருக்கலாம். மத்திய வங்கியின் மாகாண உற்பத்திக் கணக்கு, பொருள் எங்கே உற்பத்தியானது என்று பார்க்கிறது. மா ஆலையில் சேரும் பெறுமதி கிழக்கு மாகாணக் கணக்கில் ஏறும். இலாபம் எந்த ஊருக்குப் போனது என்று அது சொல்லாது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமானச் செலவின அளவீடு வீட்டுக்குள் வந்த காசைப் பார்க்கிறது, மாவட்ட மட்டத்திலும் கிடைக்கிறது. ஏற்றத்தாழ்வைப் பேசுவதற்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அப்போதும் மாவட்டச் சராசரி போதாது. 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ள மாவட்டம் இது. பட்டினமும் சூழலும் ஒரு பக்கம், ஒதுக்குப்புறமான வெருகலும் கோமரங்கடவலவும் இன்னொரு பக்கம். மையமும் விளிம்பும் என்ற உறவு கொழும்புக்கும் நமக்கும் இடையில் மட்டும் இல்லை, மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கோட்பாடுகள் எதிலும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர் அடங்காது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் காணி பிறகு முதலீட்டு வலயமாக எடுக்கப்பட்டது, 2015 இல்தான் அவர்கள் அதற்குத் திரும்பத் தொடங்கினார்கள். சந்தை இழுத்ததா தள்ளியதா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. காணி யாருடைய கையில் இருக்கிறது, யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி. அதற்கு மார்க்சியப் புவியியலாளர் டேவிட் ஹார்வி போன்றவர்களின் அரசியல் பொருளாதார வழிதான் பொருந்தும். கொட்டியாரக் குடாவின் தென்கரையை ஆய்வுக்கு எடுப்பவர் அங்கிருந்து தொடங்கட்டும், சீனக்குடாவை எடுப்பவர் மிர்டாலிலிருந்து.